கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்கு ஏன் இத்தனை புகழ்?

ஒரு காரணம் பணம், இன்னொரு காரணம் நியூட்டன். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1546-இல் இதை நிறுவினார். ஏற்கெனவே இருந்த கிங்ஸ் ஹால், மைக்கேல்ஹவுஸ் என்ற இரு கல்லூரிகளை ஒன்றாக்கி, தாம் கலைத்த மடாலயங்களின் சொத்தையும் அதற்கு எழுதிவைத்தார். ஊரார் சொத்தில் புண்ணியம் தேடியவர் என்றே எனக்குத் தோன்றும். அடுத்த ஆண்டே இறந்தும்போனார். பெருவாயிலில் நிற்கும் அவரது சிலையைப் பாருங்கள்: கையில் இருப்பது செங்கோல் அல்ல, நாற்காலியின் கால்! மாணவர்களின் குறும்பு, நிர்வாகமும் விட்டுவிட்டது.

நியூட்டன் 1661-இல் சேர்ந்தது, செல்வர்களுக்கு ஏவல் செய்து படிக்கும் ஏழை மாணவராக. பிற்காலத்தில் நேருவும் இங்கே படித்தார்.

நமக்கு நெருக்கமானவர் ராமானுஜன். இக்கல்லூரிக் கணிதவியலாளர் ஹார்டியின் முயற்சியால் 1914-இல் வந்தார். 1917-இல் அவரை ஃபெல்லோவாக, அதாவது கல்லூரியின் ஆய்வு உறுப்பினராக, தேர்ந்தெடுக்கக் கல்லூரி மறுத்தது. நிறவெறியும் அதில் கலந்திருந்தது. மறு ஆண்டு பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்ற பிறகுதான் டிரினிட்டியும் இறங்கிவந்தது. அவர் கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் இக்கல்லூரியின் ரென் நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1976-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. ‘தொலைந்த நோட்டுப்புத்தகம்’ என்று இன்று கொண்டாடப்படுவது அதுதான்.

பெண்கள் இளநிலைப் படிப்பில் சேர 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.