எதை அளந்தால் மருத்துவத் துறையின் செயல்பாடு புலப்படும்?

கேள்வி: நாடுகளின் மருத்துவச் சேவையை ஒப்பிடும்போது ஒருவர் சராசரி ஆயுளையும், மற்றொருவர் மருத்துவமனைப் படுக்கைகளின் எண்ணிக்கையையும், இன்னொருவர் அரசு செலவிடும் தொகையையும் அளவுகோலாகக் கொள்கிறார். இவற்றுள் எதை நம்புவது?

பதில்: மூன்றும் பயனுள்ள தகவல்களே. ஆனால், மருத்துவத் துறை தன் பணியைச் செவ்வனே செய்கிறதா என்ற கேள்விக்கு இவற்றுள் எதுவும் நேரடியாக விடை தருவதில்லை. மருத்துவத்தின் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்ற மூன்று கோணங்களில் பார்க்கவேண்டும் என்று மருத்துவரும் ஆய்வாளருமான அவேடிஸ் டோனபீடியன் 1966-இல் எழுதினார். படுக்கையும் செலவும் முதல் வகையைச் சேர்ந்தவை. அவை துறையின் கையிருப்பைச் சொல்லுமேயன்றி, நோயாளிக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்லமாட்டா. சராசரி ஆயுள் ஒரு விளைவுதான் என்றாலும், குடிநீர், கல்வி, புகைப்பழக்கம், சாலை விபத்து என்று மருத்துவமனைக்கு வெளியே உள்ள பலவும் அதில் கலந்துவிடுகின்றன.

இந்தக் கலப்பைக் குறைப்பதற்காகவே, அமெரிக்க மருத்துவர் டேவிட் ரூட்ஸ்டைன் தலைமையிலான குழு 1976-இல், உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்திருந்தால் நிகழ்ந்திருக்கக் கூடாத மரணங்களைத் தனியே கணக்கிடும் முறையை முன்வைத்தது. குடல்வால் அழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் ஒருவர் இறந்தால், அவரை மருத்துவமனைக்குக் கொண்டுவரத் தாமதமாகியிருக்கலாம், அறுவைச் சிகிச்சைக்கு வழியில்லாமல் போயிருக்கலாம், அல்லது அதற்குப் பின் தொற்று ஏற்பட்டிருக்கலாம். பெரும்பாலும் துறை பொறுப்பேற்க வேண்டிய இடங்களே இவை. வளர்ந்த நாடுகள் பல அங்கம் வகிக்கும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (OECD) இன்று 75 வயதுக்கு முன் நிகழும் இத்தகைய மரணங்களை, நாடுகளின் வயதுக் கட்டமைப்பில் உள்ள வேறுபாட்டைச் சரிசெய்து வெளியிடுகிறது. ஒரே ஒரு குறியீட்டைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: புற்றுநோய் கண்டறியப்பட்டு 5 ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருப்போரின் விகிதம் உயர்ந்தால், சிகிச்சை மேம்பட்டுள்ளது என்று கொள்ளலாமா?

பதில்: அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒருவருக்கு 67 வயதில் அறிகுறி தோன்றி நோய் கண்டறியப்படுகிறது. 70 வயதில் இறக்கிறார். அவரே 63 வயதில் பரிசோதனை செய்துகொண்டு, அப்போதே நோய் தெரியவந்து, பின்னர் அதே 70 வயதில் இறந்திருந்தால், பட்டியலில் அவர் 5 ஆண்டுகளைத் தாண்டியவராக இடம்பெறுவார். இறந்த நாள் மாறவில்லை. எண்ணத் தொடங்கிய நாள்தான் முன்னே நகர்ந்தது. ஆகவே, இந்த விகிதத்தோடு அதே புற்றுநோயால் மக்கள்தொகையில் ஏற்படும் இறப்பு விகிதமும் குறைகிறதா என்று பார்க்கவேண்டும். சிசு மரண விகிதத்திலும் இத்தகைய சிக்கல் உண்டு: மிகக் குறைந்த எடையோடு பிறந்து சில நிமிடங்களே உயிரோடிருந்த குழந்தையை எல்லா நாடுகளும் ஒரே விதமாகப் பதிவு செய்வதில்லை. வரையறை ஒன்றுதானா என்று உறுதி செய்யாமல் இரண்டு எண்களை அருகருகே வைப்பது, அக்கறையோடு பதிவு செய்யும் நாட்டுக்கு நாம் இழைக்கும் அநீதி.

கேள்வி: எல்லாவற்றையும் கூட்டி ஒரே தரவரிசையாகத் தந்தால் மக்களுக்கு எளிதாக இருக்குமல்லவா?

பதில்: உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டு அறிக்கையில் 191 நாடுகளை அப்படி வரிசைப்படுத்தியது. பிரான்ஸ் முதலிடம் பெற்றது. அமெரிக்கா 37-ஆம் இடத்தில் நின்றது. தரவு இல்லாத பல நாடுகளுக்கு மதிப்பீடுகளைப் பயன்படுத்தியதும், மொத்த மதிப்பெண்ணில் ஒவ்வொரு கூறுக்கும் எவ்வளவு எடை (முக்கியத்துவம்) தருவது என்ற தீர்மானமும் கடும் விவாதத்துக்கு உள்ளாயின. அத்தகைய தரவரிசையை அந்நிறுவனம் மீண்டும் வெளியிடவில்லை. எடையை மாற்றினால் வரிசை மாறும். அதைவிட, ஒரு நாடு தன் இடத்தைப் பார்த்து எதைத் திருத்துவது என்று அறிய முடியாது என்பதே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

கேள்வி: எங்கள் சுகாதாரக் குழு சில குறியீடுகளைத் தேர்ந்தெடுக்கவுள்ளது. எதில் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்?

பதில்: இரண்டைச் சொல்வேன். வருமானத்தில் அல்லது குடும்பச் செலவில் 10 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவத்துக்குப் போகும் குடும்பங்களைக் கணக்கெடுப்பது இன்றியமையாதது. ஆனால், பணமில்லாமையால் மருத்துவமனைக்கே செல்லாத குடும்பம் இக்கணக்கில் சுமையற்ற குடும்பமாகத் தோன்றும். எனவே, தேவையிருந்தும் சிகிச்சை பெறாதோரையும் சேர்த்து எண்ணுங்கள். அவர்களை விட்டுவிட்டு எடுக்கும் எந்தக் கணக்கும் ஏழைகளை மறைத்துவிடும்.

அடுத்தது, இலக்கு. அவசரப் பிரிவுக்கு வருவோரில் 98 விழுக்காட்டினருக்கு 4 மணி நேரத்துக்குள் முடிவெடுத்து அனுப்பவேண்டும் என்று இங்கிலாந்து விதித்தபோது, காத்திருப்பு குறைந்தது உண்மை. அதே வேளையில், நான்காவது மணி முடியும் தறுவாயில் பிரிவை விட்டு அனுப்பப்படுவோர் எண்ணிக்கை திடீரென உயர்வதும் தரவில் தெரிந்தது. நேரத்தை அளக்கும் குறியீட்டை வைத்தால், அவ்வாறு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் சில நாட்களில் மீண்டும் வந்தனர் என்பதையும் உடன் அளந்துவாருங்கள்.