ஆய்வேட்டை எங்கே சுருக்குவது?

அமெரிக்க யூதர்களின் சமூகநீதிப் பணி பற்றிய ஆய்வேடு கைமீறிப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். யூத சமயத்தின் தாராளப் போக்குள்ள பிரிவான சீர்திருத்த யூதர்கள் வாஷிங்டனில் நடத்தும் சமயச் செயல் மையம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடுங்கள். 1964 குடிமை உரிமைச் சட்டம், 1965 வாக்குரிமைச் சட்டம் இரண்டின் சில பகுதிகளும் அதன் கூட்ட அறையில்தான் வரையப்பட்டன. கட்டடத்துக்குப் பணம் தந்த கிவி காப்லன் 1966இல் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் தலைவரானார், இது அடிக்குறிப்புக்குள் ஒதுக்கும் செய்தி அல்ல.

அந்த மையம் மாணவர்களுக்குத் தரும் பயிற்சிக்கு வருவோம். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வார இறுதியில் சட்டப் பிரச்சினைகளைக் கற்று, தாங்களே உரை எழுதி, திங்களன்று தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களில் வாதிடுவார்கள். இந்தப் பயிற்சிக் கருத்தரங்கை நடத்துவோர், மையத்திலேயே ஓராண்டு பணியாற்றும் இளம் பட்டதாரிகள். மசோதாக்களைப் பின்தொடர்வதும் அவர்கள் வேலைதான். அவர்களைப் பேட்டி காணுங்கள். தலைவர்களின் மேடைப் பேச்சுகள் உங்களுக்கு அவ்வளவாக உதவாது.