ரெண்டு பான் (சிப்பாய்) கூட இருந்தும் ஆனந்த் ஏன் ரிசைன் பண்ணார்?

வணக்கம் சார், 1995 ரிகா செஸ் டோர்னமென்ட்ல காஸ்பரோவ் (வெள்ளை) – ஆனந்த் (கருப்பு) ஆடுன ஈவான்ஸ் கேம்பிட் (ஆரம்பத்துலயே வெள்ளை பி4 கட்டத்துல ஒரு பானை சும்மா குடுக்குற ஓப்பனிங்) கேமை பார்த்தேன். கடைசில ஆனந்த் கையில ரெண்டு பான் எக்ஸ்ட்ரா, ஆனா 25வது மூவ்ல ரிசைன். பி4 பானை எடுத்ததே தப்பா? நான் மாவட்ட டோர்னமென்ட்ல இதை ஆடலாமா?
– ஒரு கல்லூரி மாணவன், திருச்சி

தம்பி, எடுத்ததுல தப்பே இல்ல. அந்தப் பானுக்கு விலை நேரம், அதை ஆனந்த் எப்படி கட்டுனார்னு பாருங்க. கருப்பு ஆடுனது மொத்தம் 24 மூவ், அதுல 11 மூவ் குதிரை மட்டும் ஆடிருக்கு, சி6ல இருந்து ஏ5, திரும்ப சி6, இன்னொண்ணு எஃப்6, டி5, பி6, டி7ன்னு அலைஞ்சுகிட்டே இருக்கு, சி8 பிஷப் (மந்திரி) முதல் தடவை நகர்றதே 23வது மூவ்லதான், ராணி 24ல, யானை ரெண்டும் கடைசி வரைக்கும் அசையவே இல்ல.

காஸ்பரோவ் ராணி டி4, எச்4, ஜி3ன்னு போய் ஜி7ஐ குறி வைக்குது. அப்ப கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவ்ல நகர்த்தி ராஜாவை பத்திரமா ஒதுக்குறது) பண்ணா பிஷப் எச்6 வந்து யானை போயிடும், அதனால ஆனந்த் ஜி6 தள்ளுறார். ஆனா அதனால எச்6 ஓட்டை ஆயிடுச்சு, 15வது மூவ்ல வெள்ளை பிஷப் அங்கயே வந்து உக்காந்துருச்சு. இனிமே ராஜா பக்கம் கேஸ்லிங் கிடையாது, ராணி பக்கமோ காய் எதுவும் வெளிய வரல. இந்த நேரத்துல ஆனந்த் இ5ல ரெண்டாவது பானையும் எடுக்குறார். என்னைக் கேட்டா இந்த கேமோட அழகே அந்த பிஷப் எச்6தான், பான் போனா போகட்டும் கருப்பு ராஜா நடுவுலயே கிடக்கட்டும்னு அவ்ளோ நிதானமா ஆடுறார் காஸ்பரோவ்! முடிவுல கருப்பு ராஜா எஃப்7ல, இ6 பிஷப் மேல வெள்ளை ராணியும் குதிரையும் பாயுது, இ2 பிஷப் விலகுனா இ1 யானையும் சேர்ந்துக்கும்.

ஈவான்ஸ்ங்கிறவர் வேல்ஸ் நாட்டு கப்பல் கேப்டன், 1820கள்ல கண்டுபிடிச்ச ஓப்பனிங் இது. 1852ல பெர்லின்ல ஜெர்மன் வீரர் ஆண்டர்சன் ஆடுன புகழ்பெற்ற ‘எவர்கிரீன்’ கேமும் இதே ஓப்பனிங்தான். பழசுன்னு ஒதுக்கி வெச்சிருந்ததை காஸ்பரோவ் ரிகாவுல எடுத்தார், அதே வருஷம் ஆம்ஸ்டர்டாம்ல நெதர்லாந்து வீரர் பிகெட்டோட இதையே ஆடியும் ஜெயிச்சார்.

நீங்க தாராளமா ஆடுங்க. ஆனா எதிராளி ஆனந்த் மாதிரி பிஷப்பை இ7க்கு இழுத்து குதிரையை ஏ5க்கு விட்டா, சி4 பிஷப்பை மாத்திக்க விடாம இ2க்கு கொண்டு வர்ற அந்த 7வது மூவை மட்டும் நல்லா படிச்சிட்டு போங்க, அங்கதான் நிறைய பேர் பதறிடறாங்க.