ஒரே டிஸ்க்தான் இருக்கிறது, ரெய்டு எங்கிருந்து வந்தது?

கணினி கேள்வி பதில் பகுதிக்கு இந்த முறை வந்ததில் பாதி லினக்ஸும் ரெய்டும் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ஏற்பாடு) பற்றியவை. அதனால் பிரிண்டர், வைஃபை கேள்விகளையெல்லாம் அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: மகன் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறான், வகுப்புக்கு உபுண்டு லினக்ஸ் வேண்டுமாம். விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினியிலேயே கூடப் போட்டுவிடலாம் என்று பார்த்தால், இன்ஸ்டாலரில் யுஎஸ்பி குச்சி மட்டும்தான் தெரிகிறது. உள்ளே இருக்கும் 512 ஜிபி எஸ்எஸ்டியைக் காணோம். பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புத் திரையில்) ‘ரெய்டு’ என்று போட்டிருக்கிறது. இருப்பதே ஒரு டிஸ்க், அதில் என்ன ரெய்டு?
- வாசகி, யீஷூன்

பதில்: அது பேருக்குத்தான் ரெய்டு. இன்டெல் சிப் உள்ள பல மடிக்கணினிகள் தொழிற்சாலையிலிருந்தே அந்த அமைப்போடுதான் வருகின்றன. ஒரு டிஸ்க் இருந்தாலும் சரி, இரண்டு இருந்தாலும் சரி, எஸ்எஸ்டி நேராக வெளியே தெரியாமல் இன்டெல்லின் ஆர்எஸ்டி என்ற டிஸ்க் நிர்வாக ஏற்பாட்டுக்குப் பின்னால் போய்விடும், விண்டோஸிடம் அதற்கான டிரைவர் இருப்பதால் அதற்கு மட்டும் தெரியும். அந்த உபுண்டு யுஎஸ்பியிலேயே டெர்மினலைத் திறந்து, சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு டி-எம்-இ-எஸ்-ஜி கட்டளையை ஓட்டிப் பாருங்கள். கொஞ்சம் பழைய இன்டெல் இயந்திரம் என்றால், மறைந்திருக்கும் என்விஎம்இ டிஸ்க் (அதுதான் உங்கள் எஸ்எஸ்டி) ஒன்று இருக்கிறது, பயாஸை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு (டிஸ்க்கை நேராகக் காட்டும் அமைப்பு) மாற்று என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே எழுதி வைத்திருக்கும், ஆனால் அந்த வரியை யாரும் படிப்பதில்லை. 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த சிப்களில் இதே சமாச்சாரம் விஎம்டி என்ற பெயரில் இருக்கும். புதிய கெர்னல்களுக்கு விஎம்டி தெரியும் என்றாலும், இன்ஸ்டாலர் டிஸ்க்கைக் காட்டவில்லை என்றால் அதை அணைப்பதுதான் வழி.

சரி, உடனே போய் மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் உபுண்டு டிஸ்க்கைப் பார்த்துவிடும், விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். முதலில் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் மீட்பு எண்ணை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள், பயாஸில் கைவைத்தால் அது கேட்கக்கூடும். முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட் என்பதை டிக் செய்து மறுதொடக்கம் கொடுங்கள். திரை அணைந்ததும் விண்டோஸுக்குள் போக விடாமல் நேரே பயாஸுக்குள் போய் ரெய்டை ஏஎச்சிஐ ஆக்குங்கள், விஎம்டி என்றால் அதை அணையுங்கள். இப்போது விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து தனக்கு வேண்டிய டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். அங்கே பின் எண் வேலை செய்யாமல் போகலாம், கடவுச்சொல் ஞாபகம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் அந்த டிக்கை எடுத்துவிட்டு இன்னொரு தடவை மறுதொடக்கம், அவ்வளவுதான்.

இதைச் செய்யக்கூடாத இடமும் உண்டு. இரண்டு எஸ்எஸ்டிகளை உண்மையிலேயே ரெய்டு 0 (தரவை இரண்டிலும் பிரித்து எழுதும் முறை) ஆகச் சேர்த்து அதில் விண்டோஸ் ஓடுகிறது என்றால், ஏஎச்சிஐக்கு மாற்றிய கணமே விண்டோஸுக்கு அது பாதிப் பாதியாக நிற்கும் இரண்டு டிஸ்க். ஆப்டேன் கேஷ் (டிஸ்க்கை வேகப்படுத்தும் இன்டெல்லின் இடைநினைவகம்) உள்ள கணினியிலும் முதலில் விண்டோஸுக்குள் இருந்தே ஆப்டேனை நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி: காரோசெல் செயலியில் பழைய 4 டிபி டிஸ்க் இரண்டு வாங்கினேன். விண்டோஸில் ஃபார்மேட் செய்து, சுத்தமாகத்தான் மாட்டினேன். டெபியன் லினக்ஸ் போடப் போனால் எம்டி127 என்று நான் உருவாக்காத ஒன்று வந்து நிற்கிறது, பார்ட்டிஷனைத் தொட்டால் ‘உபயோகத்தில் உள்ளது’ என்கிறது. விற்றவரைக் கேட்டால் பதில் இல்லை. டிஸ்க் கெட்டுப்போனதா?
- வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை. முன்பு நாஸ் பெட்டி (வலையமைப்பில் இணைக்கும் டிஸ்க் பெட்டி) ஏதாவது ஒன்றில் ரெய்டாக இருந்திருக்கும். வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி செய்த பிறகும் வாசலில் அவர் பெயர்ப்பலகை தொங்குவது போல, ரெய்டின் குறிப்பு டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது. விண்டோஸின் விரைவு ஃபார்மேட் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. காரணம், அது இருக்கும் இடம். லினக்ஸின் சொந்த ரெய்டான எம்டியின் 0.90, 1.0 பதிப்புகளும் இன்டெல் ரெய்டும் தங்கள் குறிப்பை டிஸ்க்கின் கடைசியில் எழுதுகின்றன, 1.2 பதிப்போ தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி எழுதுகிறது. ‘டிடி’ கட்டளையைப் போட்டு முதல் ஒரு எம்பியை அழித்தால் போதும் என்று யாராவது சொன்னால், கடைசியில் இருப்பதை அது எட்டாது.

ஒரு லைவ் யுஎஸ்பியில் பூட் செய்யுங்கள். எல்-எஸ்-பி-எல்-கே கட்டளையில் டிஸ்க் பெயர், அளவு, சீரியல் எண் மூன்றையும் காட்டச் சொல்லி, டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு சீரியல் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் இடம் மாறலாம், அதை நம்பி அழிக்கப் போனால் வேறு டிஸ்க் போய்விடும். அப்புறம் எம்-டி-ஏ-டி-எம் கட்டளையைக் கொண்டு எம்டி127ஐ ‘ஸ்டாப்’ செய்யுங்கள். ‘உபயோகத்தில் உள்ளது’ என்ற பேச்சு அதோடு நின்றுவிடும். பார்ட்டிஷன்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும், பிறகு முழு டிஸ்க்கிலும் ரெய்டு குறிப்பை அழிக்க அதே கட்டளையில் ‘ஸீரோ-சூப்பர்பிளாக்’, கடைசியாக மிச்சக் குறிப்புகளை அழிக்கும் வைப்-எஃப்எஸ் கட்டளையோடு ‘ஏ’ விருப்பம். இவ்வளவும் சில நொடி வேலை. ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் எத்தனை மணி நேரம் ஓடிய டிஸ்க் என்றும் பார்த்துவிடுங்கள், விற்றவர் சொல்லாததை அது சொல்லும்.

மதர்போர்டில் ரெய்டு பொத்தான் இருக்கிறதே, அதையே போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். லினக்ஸ் மட்டும் ஓடும் கணினியில் வேண்டாம் என்பேன். பெரும்பாலான மதர்போர்டுகளில் அந்த ரெய்டு வேலையையும் செய்வது உங்கள் சிபியுதான், தனிச் சிப் எதுவும் இல்லை. போர்டு செத்தால் அதே வகை போர்டைத் தேடி சிம் லிம் ஸ்குவேரின் ஆறு மாடியும் ஏறி இறங்க வேண்டி வரலாம். எம்டி ரெய்டு என்றால் டிஸ்க்குகளைக் கழற்றி எந்த லினக்ஸ் கணினியில் மாட்டினாலும் எழுந்துவிடும்.

கேள்வி: உபுண்டு சர்வரில் ரெய்டு 1 போட்டேன். சோதித்துப் பார்க்க முதல் டிஸ்க்கின் கேபிளை உருவினேன், கணினி பூட் ஆகவே இல்லை. இரண்டிலும் ஒரே தரவு இருந்தும் ஏன்?
- வாசகர், பொங்கோல்

பதில்: உருவிப் பார்த்தீர்களே, அதற்கே ஒரு சபாஷ். முக்கால்வாசிப் பேர் பார்ப்பதில்லை. தரவு இரண்டிலும் இருக்கிறது, பூட் செய்கிற ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் மட்டும் முதல் டிஸ்க்கில்தான் இருக்கிறது. மதர்போர்டின் யுஈஎஃப்ஐக்கு (இக்கால பயாஸ்) லினக்ஸின் ரெய்டு புரியாது, அது சாதாரண ஃபேட் பார்ட்டிஷனைத்தான் தேடும். உபுண்டு சர்வர் இன்ஸ்டாலரில் டிஸ்க்குகளைப் பிரிக்கும் திரையில் இரண்டாவது டிஸ்க்கையும் பூட் சாதனமாகச் சேர்க்கும் தேர்வு உண்டு, அதை ரெய்டு அமைப்பதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். இன்னும் தரவு எதுவும் ஏற்றவில்லை என்றால் திரும்ப இன்ஸ்டால் செய்வதுதான் சுலபம்.

கேள்வி: ரெய்டு போட்ட அன்று இரவு முழுக்க டிஸ்க் கரகரவென்று சத்தம், படுக்கை அறையில் வைத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது.
- வாசகி, தோ பாயோ

பதில்: அது இரண்டு டிஸ்க்கையும் ஒன்றுபோல ஆக்கும் முதல் ஒத்திசைவு. 4 டிபி டிஸ்க்கில் நொடிக்கு 150 எம்பி வேகத்தில் போனாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ப்ராக் அடைவில் உள்ள எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தால் எத்தனை சதவீதம் முடிந்தது என்று தெரியும், இடையில் அணைத்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முடிந்த பிறகு அங்கே சதுர அடைப்புக்குள் இரண்டு ‘யு’ இருந்தால் இரண்டு டிஸ்க்கும் நலம். ஒரு ‘யு’வும் ஓர் அடிக்கோடும் இருந்தால் ஒன்று வெளியே விழுந்துவிட்டது, எனக்கு எழுதுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள்.