வயலட் எவர்கார்டனுக்குப் போதுமான பாத்திர வளர்ச்சி கிடைத்ததா?

கேள்வி இதுதான்: 'வயலட் எவர்கார்டன்' என்ற அனிமேயின் (ஜப்பானிய அனிமேஷன் தொடரின்) நாயகி வயலட் முதலிலிருந்து கடைசிவரை பொம்மை மாதிரியே இருக்கிறாள், முகத்தில் சலனமே இல்லை, இப்படி உணர்ச்சியே இல்லாத ஒரு பாத்திரத்துக்குப் போதுமான வளர்ச்சி கொடுத்திருக்கிறார்களா?

கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் என் பதில். சறுக்கிய இடங்களும் உண்டு, அதையும் சொல்கிறேன். 2018இல் வந்த 13 எபிசோடுகளையும் 2020இல் வந்த படத்தையும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். கதை முழுவதையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன்.

வயலட் உணர்ச்சி இல்லாதவள் என்பதையே நான் ஒப்புக்கொள்ளவில்லை. தொடக்கத்தில் வரும் ஒரு நினைவுக் காட்சியைப் பாருங்கள். ராணுவத்தில் அவளுடைய மேலதிகாரியான மேஜர் கில்பர்ட் அவளைக் கடைவீதிக்கு அழைத்துப் போகிறார். அங்கே ஒரு பச்சைக் கல் ப்ரூச்சை (உடையில் குத்திக்கொள்ளும் நகை) பார்த்து அப்படியே நின்றுவிடுகிறாள். மேஜருடைய கண்ணின் நிறம் அது. அதைப் பார்க்கும்போது தனக்குள் ஏதோ ஆகிறது, அதற்கு என்ன பெயர் என்று அவரிடமே கேட்கிறாள். உள்ளே ஏதோ ஆகிறது, அதைச் சொல்லத்தான் வார்த்தை இல்லை. பேசவே தெரியாமல் இருந்தவளை, சண்டைக்கென்றே ஒரு ஆயுதமாக ராணுவத்துக்குள் கொண்டுவந்தார்கள். பேசவும் எழுதவும் கற்றுக்கொடுத்தவர் கில்பர்ட். கட்டளை, அறிக்கை, ஒப்புதல் என்று மூன்றுக்கும் அவளிடம் சொற்கள் இருக்கின்றன. வேறு எதற்கும் இல்லை.

அதனால் அவள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று பார்க்க முகத்தைப் பார்த்துப் பயனில்லை, அவள் எழுதும் கடிதங்களைப் பார்க்க வேண்டும். போர் முடிந்து, கைகள் இரண்டும் போய், உலோகக் கைகளோடு அவள் ஆட்டோ மெமரி டால் வேலைக்கு வருகிறாள். மனதில் இருப்பதை எழுத முடியாதவர்களுக்காகக் கடிதம் எழுதிக்கொடுக்கும் வேலை. கில்பர்ட் கடைசியாகச் சொன்ன 'ஐஷிதெரு' என்ற ஜப்பானியச் சொல்லுக்கு அர்த்தம் தெரிய வேண்டும் என்றே இந்த வேலையைக் கேட்டு வாங்குகிறாள். (அந்தச் சொல்லைத் தமிழில் காதல், அன்பு, பாசம் என்று எதில் அடக்கினாலும் கொஞ்சம் வெளியே நிற்கிறது. அவளும் அங்கேதான் தடுமாறுகிறாள்.)

இரண்டாம் எபிசோடில், தன்னை விரும்பும் ஒருவரிடம் கொஞ்சம் பிகு பண்ணி எழுதச் சொல்லி ஒரு பெண் வருகிறாள். பிகு என்றால் என்னவென்று வயலட்டுக்குத் தெரியாது. 'விருப்பமில்லை' என்று அறிக்கை மாதிரி அடித்து அனுப்பிவிடுகிறாள், அந்தப் பெண்ணின் காதலே குலைகிறது. மூன்றாம் எபிசோடில் பயிற்சிப் பள்ளி. தட்டச்சு வேகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை, இலக்கணத்திலும் குறை சொல்ல முடியாது. ஆனால் நீ எழுதுவது கடிதமே இல்லை என்கிறார் ஆசிரியை. அந்த எபிசோடின் முடிவில், பெற்றோரைப் போரில் இழந்து குடியில் விழுந்துகிடக்கும் அண்ணனுக்கு, அவர் தங்கையும் தன்னோடு படிப்பவளுமான லுக்குலியாவின் மனதை எழுதித் தருகிறாள். 'நீ உயிரோடு இருப்பதே எனக்குச் சந்தோஷம்' என்ற அளவில், இரண்டு மூன்று வரிதான். யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை. கட்டளை இல்லாமல் அவள் செய்த முதல் வேலை அது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் சறுக்கல் இதற்கு அடுத்து வருகிறது. நான்காம் எபிசோடில்கூட, உடன் வேலை செய்யும் ஐரிஸ் தன் வீட்டில் மறைத்து வைத்த விஷயத்தை, வயலட் அவள் வீட்டாரிடமே போட்டு உடைக்கிறாள். ஐந்தாம் எபிசோடில் பார்த்தால், ஓர் இளவரசியின் கல்யாணத்துக்காக நாடே படிக்கும் காதல் கடிதங்களை எழுதும் அளவுக்குப் பெயரெடுத்துவிட்டாள். நடுவில் எத்தனை கடிதம் எழுதினாள், எத்தனை முறை கேவலப்பட்டாள், எதுவும் காட்டப்படவில்லை. நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். இன்னும் இரண்டு எபிசோடாவது இந்த இடத்துக்குக் கொடுத்திருக்கலாம். 'திடீரென்று மாறிவிட்டாள்' என்று சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

சரி, ஏழாம் எபிசோடுக்கு வருகிறேன். அதற்கு முதல் எபிசோடை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அங்கே அவள் வேலை செய்யும் கடித நிறுவனத்தை நடத்தும் ஹாட்ஜின்ஸ் அவளிடம், நீ செய்தவற்றால் உன் உடம்பே பற்றி எரிகிறது, உனக்குத்தான் தெரியவில்லை என்கிறார். அவள் தன்னைக் குனிந்து பார்த்துவிட்டு, எரியவில்லையே என்கிறாள். அவளைப் பொறுத்தவரை அது பச்சை உண்மை.

ஏழில், மகளைப் பறிகொடுத்த நாடக ஆசிரியர் ஆஸ்கர் வருகிறார். ஏரியில் விழுந்திருக்கும் இலைகள் மேல் ஒரு நாள் நடந்து காட்டுவேன் என்று அந்தக் குழந்தை சொல்லியிருந்ததாம். வயலட் குடையை விரித்துக்கொண்டு தண்ணீர் மேல் பாய்கிறாள். ஓரிரு நொடிதான், ஆனால் அந்த நொடியில் அவருக்கு மகள் தெரிகிறாள். இதைத் தயாரித்த கியோட்டோ அனிமேஷன் ஸ்டுடியோ அந்தக் குடை விளிம்பின் படபடப்பையும் சிதறும் நீரையும் வரைந்திருக்கும் நேர்த்தியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. அதற்குப் பிறகு திரும்பும் வழியில், கப்பலில், அவளுக்கு உறைக்கிறது. தான் கொன்றவர்களுக்கும் வீட்டில் காத்திருக்க யாராவது இருந்திருப்பார்கள். எரிகிறேன் என்று ஒப்புக்கொள்கிறாள். அடுத்தவரின் துக்கத்தைப் புரிந்துகொள்ளக் கற்றவளுக்கு முதலில் கிடைத்த பலன் தன் குற்றம். இதைவிடப் பெரிய பாத்திர வளர்ச்சியை அனிமேயில் நான் அதிகம் பார்த்ததில்லை. மூல நாவலில் இந்த ஆஸ்கர் கதைதான் முதலில் வரும். அனிமேயில் அதை நடுவுக்குத் தள்ளியதால்தான் அந்த நெருப்புக்குக் கனம் வந்தது.

ஒன்பதில் ஹாட்ஜின்ஸ் அவளைச் சமாதானப்படுத்துவதில்லை. நீ செய்தது அழியாது, ஆனால் டாலாக நீ செய்ததும் அழியாது என்கிறார். பாவத்தைக் கழுவிவிடாமல் அதோடு வாழச் சொல்லும் வரி அது.

பத்தாம் எபிசோடைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். சாகப்போகும் அம்மா, ஏழு வயது மகள் ஆனுக்காக, 50 வருடப் பிறந்தநாள்களுக்கும் சேர்த்து வயலட்டைக் கொண்டு கடிதம் எழுதி வைக்கிறாள். அந்த வீட்டில் இருந்த நாள்கள் முழுக்க வயலட் முகம் மாறுவதே இல்லை. அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகுதான், அழுகையை அடக்கிக்கொண்டே இருந்தேன் என்று சொல்லி உடைகிறாள்.

என் அப்பா இறந்தபோது ஐஸ் பெட்டிக்குச் சொல்வது, நாற்காலி எண்ணுவது, வருகிறவர்களுக்குக் காபி என்று நான் ஓடிக்கொண்டிருந்தேன். 'ஒரு சொட்டுக் கண்ணீர் விடல பாரு' என்று சித்தி ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. மூன்று வாரம் கழித்து கேஸ் தீர்ந்தது. சிலிண்டரை மாற்றிவிட்டுத் தேதி குறிக்கக் காலண்டர் பக்கம் போனேன். போன மாதக் கட்டத்தில் 'சிலிண்டர் மாற்றியது' என்று அப்பாவின் கையெழுத்து. சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதனால், அந்த எபிசோடில் வயலட்டின் முகம் வெறுமையாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது வெறுமை இல்லை என்று எனக்குத் தெரியும்.

கடைசி எபிசோடுகளில் ரயில், வெடிகுண்டு, சண்டை என்று போகிறது. இனி யாரும் சாகக்கூடாது என்று அவள் அங்கே நிற்பது முக்கியம்தான், ஆனால் இரைச்சல் அதிகம். அதைவிட, கில்பர்டுக்கு அவளே தன் பெயரில் ஒரு கடிதம் எழுதும் இடம்தான் எனக்கு முடிவு. மற்றவர்களுக்காகவே எழுதிக்கொண்டிருந்தவளின் சொந்தக் கடிதம். ஐஷிதெருவின் அர்த்தம் கொஞ்சம் புரிகிறது என்று சொல்லும் அளவுக்கு அவள் வந்துவிட்டாள். அந்தக் 'கொஞ்சம்' சத்தியமான வார்த்தை.

இரண்டாவது சறுக்கல், என் கணக்கில், படம். போரில் இறந்துவிட்டதாக நினைத்த கில்பர்ட் உயிரோடு இருக்கிறார் என்று கொண்டுவந்தது எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை. அவர் இல்லாமல் வாழக் கற்றதுதானே அவளுடைய மொத்த வளர்ச்சியும், அதைத் திரும்ப ஒரு ஆளிடம் கொண்டுபோய்க் கட்டுவானேன் என்று வருத்தம். ஆனாலும் கடற்கரையில் அவர்கள் சந்திக்கும் இடத்தில் நான் தோற்றுவிடுவேன். எத்தனையோ பேருக்குச் சொற்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் அங்கே வாய் திறக்கிறாள், பேச்சு வரவில்லை. விசும்பல்தான் வருகிறது.