மகள் தொல்லியல் படிக்கட்டுமா?

அம்மா, "பயாலஜி குரூப்பில் இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு மண் தோண்டப் போகிறேன் என்கிறாள்" என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். அந்தப் பயாலஜி வீணாகாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கீழடி அருங்காட்சியகம் போய் வந்த பிறகுதான் இந்த ஆசை வந்தது என்கிறீர்கள். அங்கே தென்னந்தோப்புக்குக் கீழே ஏறத்தாழ 110 ஏக்கர் மேடு. ஒரு காலத்து வாழ்க்கையின் மேல் அடுத்த காலத்து வாழ்க்கை படிந்து உயர்ந்தது அது. 200 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி மாதிரியின் காலம் கி.மு. 205, 353 செ.மீ. ஆழத்தில் எடுத்ததன் காலம் கி.மு. 580. ஆழத்தில் ஒன்றரை மீட்டர் வித்தியாசம், காலத்தில் 375 வருடம்! அடுக்குகளைத் தெரியாமல் கலந்துவிட்டால் மறுபடி பிரிக்கவே முடியாது. அதனால்தான் ஒவ்வொரு பானை ஓட்டுக்கும் குழி எண், ஆழம் எல்லாம் எழுதி வைக்கிறார்கள். கைவேலையும் கணக்கும் சேர்ந்த படிப்பு இது.

அங்கே கிடைத்த எலும்புகள் புனே டெக்கான் கல்லூரிக்குப் போயின. மாடு, எருமை, ஆடு, மயில், காட்டுப்பன்றி என்று இனம் பிரித்துச் சொன்னவர்களுக்கு விலங்கியல் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? செங்கல், சுண்ணாம்புக் கலவையின் ஆய்வு வேலூர் வி.ஐ.டி.யில் நடந்தது. அது வேதியியல்.

அதனால் என் யோசனை: இப்போது பி.எஸ்சி. விலங்கியலோ தாவரவியலோ சேரட்டும். அப்புறம் டெக்கான் கல்லூரியிலோ சென்னைப் பல்கலைக்கழகத்திலோ தொல்லியல் எம்.ஏ. அதன் பிறகு கிரேட்டர் நொய்டாவில் மத்திய தொல்லியல் துறை நடத்தும் 2 வருட முதுநிலைப் பட்டயம் இருக்கிறது. இடங்கள் குறைவு, போட்டி அதிகம்.

வேலை விஷயத்தை மறைக்க மாட்டேன். நிரந்தர அரசுப் பணியிடங்கள் கொஞ்சம்தான், டி.என்.பி.எஸ்.சி. தொல்லியல் அலுவலர் தேர்வும் வருடாவருடம் வருவதில்லை. படிப்பு முடிந்து சில வருடங்கள் ஒப்பந்த வேலையில் ஓடலாம். அந்த வருடங்களை வீடு தாங்குமா என்று அவள் அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். பி.எஸ்சி. கையில் இருந்தால் பி.எட். வழியும் அடைபடாது.

சேர்க்கைக்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அகழாய்வு நடக்கும் ஓர் ஊருக்கு, அனுமதி கேட்டுக்கொண்டு, அவளைக் கூட்டிப் போங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில், ஒரே குழியின் ஓரத்தில் நின்று பார்க்கட்டும். மறுநாளும் போக வேண்டும் என்று கேட்டாளானால் எனக்கு எழுதுங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்பலாம்.