கை வீக்கச் சிகிச்சை படிக்க ஆசைப்படும் தங்கைக்கு

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் படிப்பு) முடித்து எட்டு வருடம் ஆகிறது. மார்பகப் புற்றுநோய்க்குக் கோவையில் ஆபரேஷன் செய்து, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துக்கொண்டு ஊர் திரும்பும் பெண்களில் சிலருக்கு மாதக்கணக்கில் கழித்துக் கை வீங்குகிறது. கல்லூரியில் இதைப் பற்றி ஒரே ஒரு வகுப்புதான் நடந்தது. இப்படி நிணநீர் (திசுக்களிலிருந்து வடியும் நீர்) தேங்கி வரும் வீக்கத்துக்கான சிகிச்சையில் மேற்படிப்பு படிக்க ஆசை. எம்.பி.டி. (முதுநிலைப் படிப்பு) சேர்வதா, இரண்டு மூன்று வாரச் சான்றிதழ்ப் பயிற்சியா, வீட்டிலிருந்தே வீடியோ பார்த்து முடிக்கிற படிப்பா என்று குழப்பம். நான்கு வயதில் பிள்ளை இருக்கிறான். "மசாஜ்தானே, அதற்கு எதற்குத் தனியாகப் படிப்பு?" என்கிறார் உடன் வேலை செய்யும் மூத்தவர்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

அந்த மூத்தவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் எந்தப் படிப்பு என்பதும் தெரிந்துவிடும்.

பல வருடங்களுக்கு முன்னால் இரண்டே நாள் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய் வந்து, எல்லாம் கற்றுக்கொண்டேன் என்று நம்பினேன். குன்னூர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். வீங்கிய கையில், முழங்கைக்கு மேலே லேசான சிவப்பு, கொஞ்சம் சூடு. நாள் முழுக்க வெயிலில் கொழுந்து பறித்த கை, அதனால்தான் என்று நினைத்தேன். கற்றுவந்தபடி நீவிவிட்டுக் கட்டும் போட்டு அனுப்பினேன். அன்று இரவே நடுக்கும் குளிரோடு அவருக்குக் காய்ச்சல். தோலுக்கு அடியில் கிருமி பரவும் செல்லுலைட்டிஸ் அது. ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏற்றித்தான் அடங்கியது. அப்படி ஒவ்வொரு தடவை கிருமி தாக்கும்போதும் மிச்சமிருக்கும் நிணநீர்க் குழாய்களும் கெடும். அந்த அம்மாவின் கை பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை.

செல்லுலைட்டிஸ் இருக்கும்போது கையை நீவக் கூடாது. ரத்தக்கட்டி அடைத்த காலில் கூடாது. இதயம் பலவீனமாகி அதனால் வீங்கியவரிடம் டாக்டரைக் கேட்காமல் கட்டுப் போடக் கூடாது. புற்றுநோய் திரும்ப வந்து வீங்குகிற கையும் பார்ப்பதற்கு இதே மாதிரிதான் இருக்கும். எங்கே கை வைக்கக் கூடாது என்று பிரித்துப் பார்ப்பது மசாஜ் அல்ல. அதற்குத்தான் படிப்பு.

நீவுவதும் நம் ஊரில் எண்ணெய் போட்டு உருவுவது மாதிரி இல்லை. தோலை மட்டும் மெதுவாக இழுத்து விடுவது. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் 1930களில் உருவாக்கிய முறை. பிறகு ஜெர்மனியில் மருத்துவர் மைக்கேல் ஃபோல்டி அதோடு அழுத்தக் கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு மூன்றையும் சேர்த்து முழுச் சிகிச்சையாக்கினார். இந்த நான்கில் பெரும்பாலான வேலையைச் செய்வது கட்டுதான் என்பது என் அனுபவம். மெடிக்கலில் விற்கிற கிரேப் பேண்டேஜ் நன்றாக நீளும், அதனால் தூங்கும்போதும் இறுக்கிக்கொண்டே இருக்கும். இந்தச் சிகிச்சைக்கான துணி கொஞ்சம்தான் நீளும். கை சும்மா இருக்கும்போது தளர்வாக இருந்து, தசை அசையும்போது சுவர் மாதிரி எதிர்த்து நிற்கும். அந்த அழுத்தம்தான் நீரைத் தள்ளுகிறது. ஒரே இழுப்பில் சுற்றினாலும் மெலிந்த மணிக்கட்டில் அழுத்தம் கூடும், பருத்த மேல்கையில் குறையும். பஞ்சு வைத்து அதைச் சரிசெய்யும் பக்குவம் வீடியோ பார்த்து வராது. பக்கத்தில் நின்று ஒருவர் "இன்னும் தளர்த்து, இங்கே இறுக்கு" என்று சொல்லித்தான் வரும்.

ஆகவே வீடியோ மட்டும் உள்ள படிப்பு வேண்டாம். வட அமெரிக்க நிணநீரியல் சங்கம், இந்தச் சிகிச்சை செய்பவர்களுக்கான தன் தேர்வை எழுத வருபவர்களிடம் 135 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு பாடம், மீதி இரண்டு பங்கு செய்முறை. நீங்கள் அந்தத் தேர்வு எழுத வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பயிற்சியை எடைபோடவும் அந்தக் கணக்கு நல்ல எடைக்கல். பாடத்தை இரவில் பிள்ளை தூங்கிய பிறகு வீட்டிலேயே படித்துவிட்டு, செய்முறைக்கு மட்டும் நேரில் போகிற மாதிரி நடத்துகிற பயிற்சிகள் உண்டு. உங்கள் நிலைமைக்கு அதுதான் சரி. அந்த நாட்களுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இப்போதே பேசி ஏற்பாடு செய்யுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் போன் போட்டுக் கேளுங்கள். ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? கட்டுப் போட்டுப் பழகுவது ஒருவருக்கொருவர் மட்டுமா, நிஜ நோயாளிக்குமா? கால் வீக்கம், பிறவியிலேயே வரும் வீக்கம், புண்ணோடு வருபவர் இதெல்லாம் பாடத்தில் உண்டா? முடித்து ஊர் திரும்பிய பிறகு சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? இன்னொன்றும் கேட்கலாம். திசுக்களில் கசியும் நீரில் பெரும்பகுதி ரத்த நாளத்துக்கே திரும்பிவிடும், மிச்சம்தான் நிணநீர் என்று நாம் படித்தோம். 2010இல் லெவிக், மிச்செல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது மாறிவிட்டது. பெரும்பாலான திசுக்களில் ஏறக்குறைய எல்லா நீரும் நிணநீர்க் குழாய் வழியாகத்தான் திரும்புகிறது. இதை அவர்கள் எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்று கேளுங்கள். பாடத்தைப் புதுப்பிக்கிறார்களா இல்லையா என்று அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

எம்.பி.டி. இரண்டு வருடப் படிப்பு. கல்லூரியில் பாடம் நடத்த ஆசையிருந்தால் படியுங்கள். இந்த ஒரு சிகிச்சைக்காக மட்டும் என்றால் இப்போது தேவையில்லை என்றே நினைக்கிறேன். சேர்ந்தால், புற்றுநோய்ப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியோடு இணைந்த கல்லூரியாகப் பார்த்து, ஆய்வுக்கட்டுரைக்கு மலைத்தோட்டப் பெண்களின் கை வீக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

காசர்கோட்டில் பயன்பாட்டுத் தோலியல் நிறுவனம் இருக்கிறது. நிணநீர் தேங்கி வரும் யானைக்கால் வீக்கத்துக்கு ஆங்கில மருத்துவம், ஆயுர்வேதம், யோகா மூன்றையும் சேர்த்துச் சிகிச்சை கொடுக்கிறார்கள். ஏழை நோயாளி தன் வீட்டிலேயே தொடரக்கூடிய மாதிரி சிகிச்சையை அமைத்திருப்பதுதான் எனக்குப் பிடித்தது. கோவையிலிருந்து மங்களூர் போகும் ரயில் அந்த வழியாகத்தான் போகிறது. சில நாள் வந்து பார்க்கலாமா என்று கடிதம் எழுதிக் கேளுங்கள்.

அப்புறம், நகரத்தில் சொல்லித் தருகிற எல்லாமே மலையில் அப்படியே நடக்காது. முதல் கட்டச் சிகிச்சைக்கு இரண்டு முதல் நான்கு வாரம் தினமும் வரச் சொல்வார்கள். தினக்கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி யார் வருவார்? ஆகவே கணவருக்கோ மகளுக்கோ கட்டுப் போடச் சொல்லித் தரும் முறையை ஆசிரியரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். துவைத்த கட்டுத்துணி நம் ஐப்பசி மழையில் இரண்டு நாளானாலும் காயாது. ஒவ்வொருவருக்கும் இரண்டு செட் வேண்டும், அதற்கு யாரிடம் உதவி கேட்பது என்று இப்போதே விசாரியுங்கள். நம் ஊரில் எந்த வலிக்கும் யூகலிப்டஸ் தைலம்தான். வீங்கிய கையில் அதைத் தேய்த்துத் தோல் எரிந்துபோனால் கிருமிக்கு வழி திறந்த மாதிரி. தேயிலைச் செடி கிழித்த கீறலையும் அட்டைக் கடியையும் அன்றே சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். நீர் மாத்திரை கேட்டு அலைபவர்களிடம், இந்த வீக்கத்தில் தேங்கியிருக்கும் புரதத்தை அந்த மாத்திரை வெளியேற்றாது என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

"பாரம் தூக்காதே" என்ற பழைய அறிவுரையையும் விட்டுவிடுங்கள். கொழுந்துப் பையைத் தூக்காமல் தோட்டத்தில் வேலை இல்லை. அந்த ஒரு வார்த்தையால் கூலி இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2009இல் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் அமெரிக்காவில் 141 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், மேற்பார்வையோடு கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, திடீரென்று மோசமாவதும் குறைந்தது. எடையை எப்படிப் படிப்படியாகக் கூட்டுவது என்று பயிற்சியில் கட்டாயம் கேளுங்கள்.

படிப்பு தொடங்கும் வரை சும்மா இருக்க வேண்டாம். கிராமத்து வீடுகளுக்குப் போகும் உங்களுக்கு நகர ஆஸ்பத்திரியில் இருப்பவருக்குக் கிடைக்காத வாய்ப்பு ஒன்று இருக்கிறது. ஆபரேஷனுக்குக் கோவை கிளம்பும் பெண்ணை அதற்கு முன்பே நீங்கள் பார்த்துவிடலாம். ஒரு இஞ்சு டேப், ஒரு நோட்டு போதும். மணிக்கட்டிலிருந்து நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு இடமாக இரண்டு கையையும் அளந்து எழுதி வையுங்கள். திரும்பி வந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்தால், அந்தப் பெண்ணுக்கு வளையல் இறுக்குவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். பயிற்சிக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். முதல் நாளே ஆசிரியரிடம் காட்டிக் கேட்க உங்களிடம் நிஜமான கேள்விகள் இருக்கும்.